மெழுகுவர்த்தி ஒன்று, முற்றும் எரிந்தது

எவுலாலியா அதைக் கண்டெடுத்தது
ஒரு செவ்வாய்க்கிழமை,
சுக்ரே ஆவணக் காப்பகத்தில்
மதியத்துக்கு மேல் வெயில் விழும் ஒரே மேசையில்.
ஆயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்று, மே மாதம், பொத்தோசி.
வழக்கு: காணாமல்போன ஒரு கோவேறு கழுதை.
சாட்சி: லொரென்சோ சாம்பி, வெள்ளிச் சுரங்கக் கூலி.
வயது அவனுக்கே தெரியாது.
'பார்த்தால் நாற்பது இருக்கும்' என்று
எழுத்தரே போட்டுக்கொண்டார்.

கழுதை யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள்.
தனக்கு ஒன்றும் தெரியாது என்றான்.
வேறு சொல்ல ஏதுமில்லை என்றான்.
எழுதத் தெரியாததால் தற்குறி இட்டான்.

அந்தக் குறியைப் படமெடுத்து வந்திருந்தாள்.
ஒரு கோடு நேராகப் போகிறது.
குறுக்குக் கோடு நடுவில் தயங்கி,
மை தேங்கி,
பிறகு போகிறது.

ஆனால் அவள் படியேறி மூச்சுவாங்க ஓடி வந்தது
அதற்காக இல்லை.
கட்டின் கடைசித் தாளில் செலவுக் கணக்கு:
கெச்சுவா துபாசிக்குக் கூலி, மாலைப்பொழுது முழுக்க.
ஆட்டுக்கொழுப்பு மெழுகுவர்த்தி ஒன்று, முற்றும் எரிந்தது.

மூன்று வரிக்கா?

எங்கள் மூவருக்கும் ஒரே அறை.
வரலாறு சன்னலோரம், தத்துவம் கதவோரம்.
இலக்கியம், அதாவது நான், ஹீட்டர் பக்கத்தில்,
ஹீட்டரை வாங்கியவள் நான் என்பதால்.
அடுத்த ஆண்டிலிருந்து மூன்று துறைக்கும்
ஒரே பெயர்ப்பலகை என்று சுற்றறிக்கை வந்திருந்தது.
என்ன பெயர் என்பது இன்னும் முடிவாகவில்லை.

ரோமுலோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
"எரிந்தது மெழுகுவர்த்தி. அவன் பேசினான் என்று யார் சொன்னது?
எழுத்தர் தூங்கியிருக்கலாம்.
மழை விடட்டும் என்று எல்லோரும் காத்திருந்திருக்கலாம்."
"மே மாதம் பொத்தோசியில் மழை ஏது?" என்றாள் எவுலாலியா.
கொஞ்சம் யோசித்தான்.
"சரி, மழையை எடுத்துவிடு."

நான் வாயே திறக்கவில்லை.
அதற்குள் மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.
லொரென்சோ பேசுகிறான்:
கழுதையின் இடது காதிலிருந்த பிளவு,
தன்னைக் கூப்பிட்டால் மட்டும் திரும்பும் அதன் கழுத்து,
மலையிறக்கத்தில் அதன் வயிற்றுச் சூட்டில் காய்ச்சிய தன் கைகள்.
அழகாகத்தான் வந்தது.
அழகாக வந்ததுதான் உறுத்தியது.
முந்நூற்று நாற்பது ஆண்டு கழித்து வாய் திறப்பவன்
என்னைப்போலவா வாக்கியம் அமைப்பான்?

வெள்ளிக்கிழமை சந்தையில்
செம்மறிக் கொழுப்பு இரண்டு கிலோ வாங்கினாள்.
திரி முறுக்கியது ரோமுலோ, மோசமாக.
முதல் இரண்டும் சாய்ந்து விழுந்தன.
மூன்றாவதைக் கொளுத்திவிட்டு விளக்கை அணைத்தோம்.
புகை. நாற்றம்.
காவலாளி செவேரோ எட்டிப் பார்த்து,
"மின்கட்டணம் கட்டவில்லையா, டாக்டர்?" என்றார்.

முதல் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்:
நிறுவ முடியாததைச் சொல்லாமல் விடுவது
நேர்மையா, இரண்டாம் எழுத்தராக உட்காருவதா.
அப்புறம் வாதம் தீர்ந்துபோனது.
வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது.

யாரும் கேட்காமலே ரோமுலோ
தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான்.
ஒருரோவில் அவர் வாங்கிய கடன்,
விற்ற லாரி,
மருத்துவமனையில் கடைசி வாரம் மகனை
வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டது,
அந்தப் பெயருக்கே இவன் "என்ன" என்று கேட்டது.
ஒன்பது ஆண்டாக ஒரே அறையில் இருக்கிறோம்.
சுடர் குட்டையாகிக் குட்டையாகித் தட்டில் படுத்தது.
எவுலாலியா கடிகாரம் பார்த்தாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டே.

மறுநாள் அவள் அனுப்பிய குறிப்பு:
திரி பருத்தி, கொழுப்பு செம்மறி.
சன்னல் மூடியிருந்தது, காற்று இல்லை.
எரிந்த நேரம் மூன்று மணி நாற்பது நிமிடம்.

ரோமுலோவின் அப்பா அதில் இல்லை.
என் சால்வையில் ஆட்டு நாற்றம் இன்னும் இருக்கிறது.
துவைக்கப் போடவில்லை.